குறி தவறிய குண்டும் வினைக் கொள்கையும்

எண்ணிச் செய்த செயல் எண்ணியபடி முடியாதபோது, அதற்கான காரணம் செய்தவனிடத்தில் இருக்கிறதா, அவன் கையாண்ட கருவியில் இருக்கிறதா, இரண்டுக்கும் அப்பாலுள்ள வினைப்பயனில் இருக்கிறதா என்ற வினாவை இந்திய மெய்யியல் மரபுகள் ஒவ்வொன்றும் தத்தம் வழியில் ஆராய்ந்துள்ளன. வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பிப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைக்கிற கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பொய்த்துப்போன ஆண்டில் 'விதி' என்ற சொல் வீட்டுத் திண்ணைகளில் அன்றாடம் புழங்குகிறது. ஆயினும் மழையின் காரணங்கள் மனிதனின் கைக்கு எட்டாதவை என்பதால், விதிக்கும் முயற்சிக்கும் உரிய எல்லையை வகுக்க மழை பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகாது. காரணங்கள் எண்ணக்கூடியனவாகவும், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தக்கனவாகவும், விளைவோ உயிர்போகும் அளவுக்குக் கனமானதாகவும் உள்ள ஒரு செயலே இவ்வாய்வுக்கு ஏற்றது. புதிதாக வாங்கிய வாய்வழித் துப்பாக்கி, அதாவது மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகவே இட்டு இடிக்க வேண்டிய துப்பாக்கி, குறியில் சுடாமல் தவறுவது அத்தகைய ஒரு நிகழ்வாகும்.

இக்கருவி கரிசல் நிலத்துக்கு அயலானது அன்று. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு கோவில்பட்டிக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் உள்ளது. 1801 மார்ச் 31 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் படை கிழக்கிந்தியக் கும்பினியின் படையைத் திருப்பியடித்ததும், மே 24 அன்று வீழ்ந்ததுமான பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் தொலைவில் இல்லை. அப்போர்களில் இருபுறமும் வெடித்தவை வாய்வழித் துப்பாக்கிகளே. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. கருவியோடு அதனைக் கையாளும் அறிவும் தலைமுறை வழியாகக் கைமாறுவது இத்தகைய தடைகளால் தளர்ந்திருக்கக்கூடும். பின்னர் விடுதலை பெற்ற இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வழிசெய்தது. சட்டத்தின் கண்ணில் இது வேட்டைக்காரனின் கருவி என்பதைவிட உழவனின் கருவியாகவே இடம்பெற்றுள்ளது என்பது கவனிக்கத் தக்கது.

கருவியின் இயல்பைச் சற்று விரிவாகக் காண்பது அவசியம். ஏனெனில் இங்கு எழும் மெய்யியல் சிக்கல்கள் யாவும் அதன் நுட்பங்களிலேயே அடங்கியுள்ளன. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்தை அளந்து குழலில் இட்டு, எண்ணெயோ கொழுப்போ தோய்ந்த துணியில் பொதிந்த ஈயக்குண்டை அதன்மேல் வைத்து, இடிகம்பியால் மருந்தின்மீது படியும்வரை தள்ளி, பின்புறத்தில் தீப்பொறி தரும் சிறு செப்புத் தொப்பியைப் பொருத்திய பிறகே விசையை இழுக்க முடியும். உட்புறம் வழவழப்பாக உள்ள பழைய துப்பாக்கியில் குண்டு குழலைவிடச் சிறியது; கும்பினிப் படையின் துப்பாக்கிக் குழல் முக்கால் அங்குல விட்டம் உடையதாக இருக்க, குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலமே இருந்தது. ஆகவே குண்டு குழலின் சுவர்களில் மாறிமாறி மோதிக்கொண்டு சென்று, கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கு ஏற்ற திசையில் வெளியேறும். ரைபிள் எனப்படும் வகையில் குழலின் உட்சுவரில் திருகுபோல் சுழன்று செல்லும் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். துணி அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்ற, சுழலும் குண்டு தன் அச்சில் நிலைத்து நேராகச் செல்லும். உருண்டைக் குண்டுக்கு 60 அல்லது 66 அங்குல நீளத்தில் ஒரு சுற்று என்ற மெதுவான திருகும், நீண்ட கூம்புக் குண்டுக்கு 28 அங்குலத்தில் ஒரு சுற்று போன்ற விரைவான திருகும் பொருந்தும். விரைந்து திரும்பும் வரிகளில் மருந்தை மிகுத்து உருண்டைக் குண்டைச் செலுத்தினால், துணி வரிகளின் பிடியை விட்டுவிடும். பிறவற்றை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அத்துப்பாக்கி அக்குண்டைக் குறியில் சேர்க்காது. இது இயல்பிலேயே அமைந்துவிட்ட பொருத்தமின்மை; இதைப் பழக்கத்தால் வெல்ல முடியாது.

குறி தவறுதல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் இருவேறு குற்றங்களைக் குறிக்கும். ஐந்து குண்டுகளும் ஒன்றையொன்று ஒட்டி விழுந்து, ஆனால் அனைத்தும் குறிக்கு இடப்புறமாக விழுந்தால் அது சாய்வு; ஐந்தும் ஐந்து திசைகளில் விழுந்தால் அது சிதறல். சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் குழல் நுனியில் உள்ள குறிமுனையோ பின்புறக் குறிப்பள்ளமோ இடம் பெயர்ந்து இருப்பதே. அதனைச் சிறிது நகர்த்தினால் போதும். சிதறலுக்கோ காரணம் பலவாக இருக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாதவன் ஒரு குண்டு இடப்புறம் விழுந்தவுடன் குறிமுனையை இடப்புறம் நகர்த்துவான். அடுத்தது வலப்புறம் விழுந்தால் மீண்டும் வலப்புறம் நகர்த்துவான். இவ்வாறு ஒவ்வொரு தற்செயலுக்கும் ஒரு திருத்தம் செய்து, இருந்த சிதறலை மேலும் பெருக்கிக்கொள்வான். ஒற்றை நிகழ்விலிருந்து காரணத்தைப் படிக்க முடியாது என்பதே இங்கு பெறப்படும் முதல் உண்மை. ஒரு பருவம் பொய்த்ததை வைத்து ஒரு குடும்பத்தின் வினையை எடைபோடுகிறவர்களும் இதே பிழையைத்தான் செய்கிறார்கள். அப்பிழை துப்பாக்கியில் வெறும் ஈயத்தை வீணாக்குகிறது, மனிதர்கள்மேல் ஏவப்படும்போதோ கொடுமையாகிறது.

சிதறலின் காரணத்தைத் தேடுவோருக்குத் தரையிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. குண்டைப் பொதிந்திருந்த துணி குழலைவிட்டு வெளிவந்ததும் சில அடி தூரத்திலேயே விழுந்துவிடும். அத்துணி கிழிபடாமல், நடுவில் வரிகளின் தடம் பதிந்து முழுமையாக இருந்தால் குண்டும் துணியும் குழலுக்குப் பொருந்தியுள்ளன என்று கொள்ளலாம். வெட்டுண்டு இருந்தால், புதிய குழலில் வரிகளின் விளிம்புகள் இன்னும் கூராக இருக்கின்றன, அல்லது குழல்வாயின் விளிம்பில் பிசிறு உள்ளது. பல வெடிகள் சென்றபின் இக்கூர்மை தேய்ந்து சரியாவது இயல்பு. கருகியிருந்தால், துணி மெல்லியதாகவோ குண்டு சிறியதாகவோ இருந்து, தீ இடைவெளி வழியாக ஊடுருவியுள்ளது. புதிய துப்பாக்கியில் பட்டறையிலிருந்து துருப்பிடிக்காமல் பூசி அனுப்பப்பட்ட மசகு உள்ளே தங்கி, முதல் சில குண்டுகளைத் திசைமாற்றுவதும் உண்டு. இவற்றோடு கருமருந்தின் இயல்பும் சேர்கிறது: எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்படிவாகவே எஞ்சுவதால், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணியால் குழலைத் துடைக்காவிட்டால் இரண்டாம் குண்டு முதற்குண்டு சென்ற குழலில் செல்வதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களின் வறண்ட கரிசல் காற்றில் இப்படிவு இறுகிக் கெட்டிப்படும். ஐப்பசியின் ஈரக்காற்றிலோ திறந்து வைத்த மருந்து நமத்துப்போகும். சரியாக உலராத மரத்தில் செய்த கட்டை, கோடையில் சுருங்கிக் குழலின் பிடியைத் தளர்த்திவிடும். ஆக, நிலமும் பருவமும்கூடக் காரணங்களின் கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றன.

இத்தனை காரணங்களுள் எது குற்றவாளி என்று காண்பதற்குரிய முறையைத் தமிழ்நூல்கள் அறியாமல் இல்லை. சாத்தனாரின் மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குப் பௌத்த அளவைநூலைக் கற்பிக்கும் பகுதி, பக்கம் எனப்படும் நிறுவ வேண்டிய கூற்றையும், ஏது எனப்படும் காரணத்தையும், திட்டாந்தம் எனப்படும் எடுத்துக்காட்டையும் வரையறுப்பதோடு நில்லாது, காரணம்போல் தோன்றிக் காரணம் ஆகாத போலிகளையும் நுணுக்கமாக வகைப்படுத்துகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது உடன்பாட்டுத் தொடர்பு, அதாவது அன்னுவயம். நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை என்பது எதிர்மறைத் தொடர்பு, அதாவது வெதிரேகம். இரண்டும் ஒருசேர நிற்கும்போதே காரணம் உறுதிப்படுகிறது. துப்பாக்கியைப் பொறுத்தவரை இதன் பொருள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே: மருந்தின் அளவை மாற்றும்போது துணியை மாற்றலாகாது, துணியை மாற்றும்போது குண்டை மாற்றலாகாது. இரண்டை ஒருசேர மாற்றிச் சிதறல் குறைந்தால், எதனால் குறைந்தது என்பது என்றைக்கும் தெரியாமலே போகும். கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் ஆராய்ச்சி நிலையம், மானாவாரிப் பருத்தியையும் சோளத்தையும் பாத்தி பாத்தியாகப் பிரித்துச் சோதிப்பதும் இந்த நெறியின்படிதான். விதியை நம்பும் மண் என்று பெயர் வாங்கிய அதே மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காரணத் தேடலும் நடந்து வருகிறது என்பதைக் கரிசலைப் பற்றி எழுதுவோர் போதிய அளவு நினைப்பதில்லை.

சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பகுக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது அந்நெறியின் பழகிய விளக்கம். உலகத் தோற்றத்தை விளக்க எழுந்த இப்பகுப்பு ஒரு துப்பாக்கி வெடிக்கு முற்றிலும் பொருந்தாது எனினும், ஆராய்வோனுக்கு ஒழுங்கு தருகிறது: குண்டும் மருந்தும் ஒரு பக்கம், குழலும் துணியும் இடிகம்பியும் ஒரு பக்கம், சுடுபவன் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால், ஒன்றின் குற்றத்தை மற்றொன்றின்மேல் ஏற்றும் இடர் குறைகிறது. மணல்மூட்டையின்மேல் துப்பாக்கியைப் படியவைத்துச் சுட்டும் சிதறினால் கருவியை ஐயுறலாம். மூட்டையின்மேல் ஒட்டி விழுவது தோளில் வைத்தால் சிதறுமானால் குற்றம் நிமித்த காரணத்திடம் இருக்கிறது. வெடியின் அதிர்ச்சியை எதிர்பார்த்து, விசை விழுவதற்கு முன்பே உடல் தன்னையறியாமல் சுருங்குவதே அப்போது பெரும்பாலும் காரணமாகும். தன் உடலின் இச்சிறு அச்சத்தை ஏற்றுக்கொள்வதைவிடத் துப்பாக்கியைப் பழிப்பது எவருக்கும் எளிது.

இங்கே வினைக் கொள்கையை ஏற்பவர் ஒருவர், இவை யாவும் கருவி அளவிலான காரணங்கள் மட்டுமே, குண்டு தவற வேண்டும் என்ற வினை இருந்ததால்தான் துணி கருகியது என்று தடை எழுப்பலாம். அத்தடைக்கு விடை சித்தாந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. வினை அறிவற்றது, அது தானே சென்று உயிரைப் பற்றாது, இறைவனே அதனைக் கூட்டுவிக்கிறான் என்பதும், அவ்வாறு கூட்டுவிக்கும்போது தனு, கரணம், புவனம், போகம் எனும் உடல், கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகியவற்றின் வழியாகவே வினைப்பயன் உயிரை வந்தடைகிறது என்பதும் அந்நெறியின் உறுதியான கோட்பாடு. அப்படியாயின் கருவியின் ஒழுங்கை ஆராய்வது வினையை மறுப்பது ஆகாது. வினை வந்துசேரும் வழியை ஆராய்வதே ஆகும். வினையின் பெயரைச் சொல்லி வழியை ஆராய மறுப்பவனே உண்மையில் சித்தாந்தத்துக்கு மாறாகப் பேசுகிறான். கருவியில்லாமல் தானே வந்து பற்றும் ஒரு வினையை அவன் கற்பித்துக்கொள்கிறான். திருக்குறளும் ஊழின் வலிமையை 38-ஆம் அதிகாரத்தில் தயக்கமின்றிச் சொல்லிவிட்டு, 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில் சோர்வற்ற முயற்சி ஊழையும் பின்னிடச் செய்யும் என்ற நிலைக்குச் செல்கிறது. இவ்விரண்டையும் முரண் என்று கொண்டு ஒன்றைத் தள்ளிவிட உரை தேடுவதைவிட, ஊழ் என்பது தேடலின் முடிவில் எஞ்சுவதற்குரிய பெயர், தேடலின் தொடக்கத்தில் வைப்பதற்குரிய பெயர் அன்று எனக் கொள்வதே பொருந்தும்.

ஆயுத பூசையும் இதற்குத் துணைநிற்கிறது. கருவியில் தெய்வம் உறைகிறது என்று நம்புகிறவர்கள் அதனைக் குறைகூறத் தயங்குவார்கள் என்று புறத்தார் எண்ணக்கூடும். ஆனால் கோவில்பட்டியின் தீப்பெட்டி ஆலைகளிலும் பட்டறைகளிலும் அந்நாளில் முதலில் நடப்பது, கருவியைக் கழற்றித் துடைத்து, துருவைச் சுரண்டி, எண்ணெயிட்டு, தளர்ந்த திருகாணிகளை முடுக்குவதே. சந்தனமும் குங்குமமும் அதன் பிறகே. வழிபாட்டின் முதற்பகுதி கருவியைக் கூர்ந்து பார்த்தலாக அமைந்திருப்பது தற்செயல் அன்று. குறையைக் காணாத கண்ணால் மரியாதை செலுத்த முடியாது என்ற தெளிவு அச்சடங்கின் வரிசையிலேயே உள்ளது.

இதுவரை சொன்னவை காரணம் பற்றியவை. குற்றம் பற்றிய வினா இன்னும் எஞ்சியுள்ளது. இலக்காக நிறுத்திய பலகையில் குண்டு தவறினால் எவருக்கும் இழப்பு இல்லை. பயிருக்குள் புகுந்த காட்டுப்பன்றியின் நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றிலோ காலிலோ பட்டால், அவ்விலங்கு உடைமுள் காட்டுக்குள் சென்று நாள்கணக்கில் துடித்துச் சாகும். அத்துன்பத்துக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்குக் கரிசல் வட்டாரத்திலேயே ஒரு விடை பாறையில் வீற்றிருக்கிறது. கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள கழுகுமலையில், வெட்டுவான் கோயில் என்ற ஒற்றைக்கல் கோயில் குடையப்பட்ட குன்றிலேயே, எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தைச் சேர்ந்த சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்வித்த ஆசிரியர்கள், மாணவர்கள், குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர் ஆகியோரின் பெயர்கள் வட்டெழுத்தில் கீழே பொறிக்கப்பட்டுள்ளன. உயிர்க்கொலை பற்றி மிக நுட்பமாகச் சிந்தித்த மரபினர் இவ்வறண்ட நிலத்தின் நடுவே ஒரு கல்விக்கூடத்தையே நடத்தினர் என்பதற்கு அப்பெயர்கள் சான்று.

அம்மரபின் அடிப்படை நூலான உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது உயிர் பிரிவதை மட்டும் அளவுகோலாகக் கொள்வதில்லை. பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்கிறது. பின்வந்த ஆசிரியர்கள் இதனை மேலும் கூர்மையாக்கி, முழு விழிப்போடு நடப்பவனின் காலடியில் ஓர் உயிர் அகப்பட்டு இறந்தாலும் அவனுக்கு இம்சை இல்லை, விழிப்பின்றி நடப்பவனின் காலடியில் ஓர் உயிரும் இறக்காவிட்டாலும் அவன் இம்சை செய்தவனே என்றனர். இல்லறத்தாரின் இம்சையை அவர்கள் நான்காகப் பிரித்தனர்: கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது, வீட்டு வேலைகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தன்னையும் தன்னுடையதையும் காக்கும்போது நேர்வது. முதலாவதை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். மற்றவற்றில் இயன்ற அளவு விழிப்போடு இருக்க வேண்டும். பயிரைக் காக்க எடுக்கும் துப்பாக்கி நான்காம் வகையில் அடங்கும் என்று வாதிட இடமுண்டு, கழுகுமலையின் துறவியர் அவ்வாதத்தை ஏற்றிருப்பார்களா என்பது வேறு செய்தி. ஆயினும் அவ்வகையில் அடக்கியபோதும் விழிப்பு என்னும் கடமை நீங்குவதில்லை. முன்னே சொன்ன நுட்பங்கள் அனைத்தும் இப்போது வேறு ஒளியில் தெரிகின்றன. தரையில் கருகிக் கிடந்த துணியைக் குனிந்து எடுத்துப் பார்க்காமல் அடுத்த குண்டை இடுபவன், துடைக்காத குழலோடு இரவுக் காவலுக்குச் செல்பவன், தன் துப்பாக்கி சிதறுகிறது என்று அறிந்தே விலங்கின்மேல் குறிவைப்பவன் ஆகியோர் கைத்திறன் குறைந்தவர்கள் மட்டும் அல்லர்; அவர்கள் பிரமாதத்தில் நிற்பவர்கள். அன்றிரவு அவர்களின் குண்டு எந்த விலங்கின்மேலும் படாமல் போனாலும் இக்கணிப்பு மாறாது.

மகாபாரதத்தில் வேடனாக வந்த சிவனும் அருச்சுனனும் ஒரே பன்றியின்மேல் ஒரே நேரத்தில் அம்பு தொடுத்து, எவர் அம்பு கொன்றது என்று பூசலிட்ட கதை, இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. அங்கே இருவரும் பெருமைக்கு உரிமை கோரினர். விலங்கு காயத்தோடு ஓடிவிட்ட நிகழ்வில் உரிமை கோர ஒருவரும் முன்வருவதில்லை. குழல், மருந்து, இருட்டு, விதி என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே செல்கிறது. பெருமையில் நிமித்த காரணமாக இருக்க விரும்புபவன் தவற்றில் மட்டும் துணைக்காரணங்களைச் சுட்டுவது நேர்மை ஆகாது.

எல்லாம் சரிசெய்யப்பட்ட பின்னும் சிதறலில் ஒரு பகுதி நீங்குவதில்லை. ஈயத்தின் உட்புழை, காற்றின் ஒரு வீச்சு, மருந்துத் துகள்களின் சிறு வேறுபாடு ஆகியவை எஞ்சும். தொலைவு கூடக்கூட அவற்றின் விளைவும் பெருகும். ஊழ் என்று சொல்வதற்கு உண்மையான இடம் இதுவே. ஆனால் இவ்வெச்சத்தையும் அளக்க முடியும்: எத்தனை அடி தொலைவுவரை எல்லாக் குண்டுகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன என்பதைப் பலகையில் சுட்டுக் கண்டறியலாம். அத்தொலைவுக்கு அப்பால் நிற்கும் விலங்கின்மேல் விசையை இழுப்பவன், ஊழுக்கு உரியதைத் தன் கையால் அழைத்து வருகிறான். நடைமுறையில் இவ்வரம்பு மிகக் குறுகியது. ஆளுயரம் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் இரவில் அசையும் ஒன்றின் உடலைக் கண்டறிந்து குறிவைப்பது பெரும்பாலும் இயலாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் உரிய அதிகாரியின் அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைக் கொல்வதைக் குற்றமாக்குகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுவதற்கு இடமில்லை; 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். அழிந்த பயிருக்கு இது போதிய மருந்தா என்று கேட்கும் கரிசல் உழவரின் குறை நியாயமானது, அது தனியே ஆராயப்பட வேண்டியது. சுடும் பணி உழவன் கையிலிருந்து பயிற்சி பெற்ற பணியாளரின் கைக்கு மாறியுள்ளதால், குழலைத் துடைப்பதும், பலகையில் சுட்டுத் தன் தொலைவை அறிவதும், அத்தொலைவுக்கு அப்பால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுவதும் இனி அப்பணியாளரைச் சேரும் கடமைகள்.